கமால் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டி

எங்கள் கமால் தோட்டத்தில் கொசு கிடையாது. போன மாதம்வரை கிடையாது என்று திருத்தி எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. தப்பாக எதையும் சொல்ல எனக்கு விருப்பமில்லை. பினாங்கில் வேறு எந்தக் குடியிருப்பிலாவது ஒருவன் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, காலைத் தட்டிக்கொள்ளாமல் ஒரு சுருட்டுப் பிடித்து முடிக்கட்டும் பார்க்கலாம். எங்கள் இடத்தில் முடியும். காரணம், சாக்கடை. வாட்டம் சரியாகப் பார்த்துப் போட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. போட்டவன் நான்.

அந்தப் பெண் விஷயத்துக்கு வா என்கிறீர்கள். வருகிறேன். குடியிருப்பு உண்டான கதை தெரியாமல் அவள் கதை விளங்காது. இரண்டும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

என் பெயர் முகம்மது சுல்தான். ஊரில் சுல்தான் மேஸ்திரி என்பார்கள். கொத்து வேலைக்கென்று கப்பலேறி வந்தவன். சூலியா வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தேன். அந்தச் சந்தில் கிணற்றுக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது. என் முதல் சம்சாரமும் மகளும் ஒரே வாரத்தில் வாந்திபேதியில் போனார்கள். மகளை அடக்கம் செய்துவிட்டு வந்து அந்தச் சந்தைப் பார்த்தேன். வளைந்து நெளிந்து, ஒரு வீட்டின் அழுக்கு அடுத்த வீட்டு வாசலில் தேங்கி நின்றது. கோடு நேராக இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று பட்டது. இன்றைக்கும் அப்படித்தான் படுகிறது.

ஆகையால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நாலில் அரிசி வியாபாரி கமாலுதீன் முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு வரைபடத்தை விரித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயர் ஈத்தாம் டிராம் போகும் பாதையில், ஊர் முடிகிற இடத்தில், ஒரு பழைய ஜாதிக்காய்த் தோட்டத்தை அவர் வாங்கியிருந்தார். வெள்ளைக்கார இஞ்சினியர் ஒருவர் படம் போட்டிருந்தார். வண்டிச் சக்கரம் மாதிரி. நடுவில் வட்டமான புல்வெளி. அதிலிருந்து ஆரக்கால்களைப் போலத் தெருக்கள். இரண்டு பக்கமும் ஒற்றை மாடி வீடுகள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் மரம், பின்னால் கழிவு அள்ள வண்டி போகும் சந்து. சக்கரத்தின் நட்டநடுவில், அச்சு இருக்க வேண்டிய இடத்தில், வட்டமாக ஒரு தண்ணீர்த் தொட்டி.

“மூலை வீடு உனக்கு சுல்தானு” என்றார் முதலாளி. “காசு வேணாம். ஆனா இந்தப் படத்துல இருக்கிறது தரையில இருக்கணும். ஒரு அங்குலம் பிசகக் கூடாது.”

எல்லா அளவும் நடுப்புள்ளியிலிருந்துதான் எடுக்க வேண்டும். முதல் முளையை அங்கே அடித்துக் கயிறு கட்டினால்தான் தெருக்கள் விரியும். போய்ப் பார்த்தேன். நடுப்புள்ளி ஒரு அடுப்பின் மேல் விழுந்தது.

அடுப்பு ஹபீபா பீவியுடையது. பலகைச் சுவர், அத்தாப்பு ஓலைக் கூரை, முற்றத்தில் ஒரு கிணறு. அவ்வளவுதான் வீடு. புருஷன் சுலைமான், காவடி மாதிரித் தோளில் கம்பு போட்டு இரண்டு பக்கமும் சோற்றுப் பானையும் குழம்புப் பானையும் தொங்கவிட்டுத் துறைமுகத்துக்குக் கொண்டுபோய் விற்கிறவர். நாசி கண்டார் சுலைமான் என்றால் துறைமுகத்தில் தெரியாதவன் கிடையாது. ஜாதிக்காய்த் தோட்டத்துப் பழைய சொந்தக்காரனிடம் அந்தத் துண்டு நிலத்தை முறையாக எழுதி வாங்கியிருந்தார். முதலாளி விலை பேசினார். சுலைமான் சிரித்துக்கொண்டே மறுத்தார்.

நான் அவர்கள் முற்றத்தில் ஒரு முளையை அடித்துவிட்டு வந்தேன், அடுப்புக்கு ஓரமாக, தற்காலிகமாக. மறுநாள் போனால் முளையைக் காணோம். ஹபீபா பீவி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். அப்போது முப்பது வயதுக்குள் இருக்கும். வாய் கொஞ்சம் நீளம்.

“முளை எங்கம்மா?”

“நல்லா எரிஞ்சுது மேஸ்திரி அண்ணே. காஞ்ச கட்டை. இன்னும் ரெண்டு இருந்தா குடுத்துட்டுப் போங்க.”

“இது விளையாட்டு இல்ல. இஞ்சினியர் துவான் போட்ட கோடு இந்த வழியாத்தான் போகுது.”

“துவான் கோடு போடறதுக்கு முன்னாலயே எங்க வீட்டுக்காரர் அடுப்பு போட்டுட்டாரு. கோட்டை நகர்த்தச் சொல்லுங்க. அடுப்பு சூடா இருக்கு, நகர்த்த முடியாது.”

கூட வந்த கூலியாட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் மேல் எனக்குக் கோபம் இருந்ததாக யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள்.

வேறு வழியில் அளந்து தெருக்களைப் போட்டோம். ஒரு வருஷத்துக்கு மேல் வேலை. மரங்கள் நட்டாயிற்று, சாக்கடைகள் ஓடின, வீடுகளுக்குக் கூரை ஏறிற்று. முனிசிபல் குழாய் வந்தது. நடுவில் மட்டும் அந்தக் குடிசை. புகை மேலே வந்து புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர்களின் மேல் படியும். வீட்டுக்கு விலை பேச வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, “அது எப்ப போகும்?” என்று கேட்பார்கள்.

“என்ன சுல்தானு, சக்கரத்துக்கு அச்சு எப்ப?” என்று முதலாளி கேட்டார்.

“விக்க மாட்டேங்கிறாங்க.”

“வாங்க முடியாட்டி வளைச்சுக் கட்டு. தொட்டிச் சுவரை அது பாட்டுக்கு எழுப்பிட்டு வா. மூச்சு முட்டுனா தானா வருவாங்க.”

அவர் சொன்னது அவ்வளவுதான். இறந்துபோன மனிதர் மேல் அதற்கு மேல் நான் எதையும் போட மாட்டேன்.

அந்த மாதமே சுலைமான் இறந்தார். அதில் எனக்குப் பங்கில்லை. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் கயிறு அறுந்து மூட்டைகள் விழுந்தன. அவர் கீழே நின்று யாருக்கோ சோறு போட்டுக்கொண்டிருந்தார். அவர் பானை சுமந்த கண்டார் கம்பை மட்டும் யாரோ கொண்டுவந்து வீட்டில் சாத்தினார்கள்.

இங்கே எங்கள் வழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். புருஷன் இறந்தால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருப்பார்கள். இத்தா என்போம். வாசல் தாண்ட மாட்டார்கள், நகை நல்ல துணி கிடையாது, அந்நிய ஆண்கள் கண்ணில் படமாட்டார்கள். ஹபீபா பீவி இத்தாவில் உட்கார்ந்தாள். சுற்றி என்னுடைய ஆட்கள், தமிழர், சீனர் எல்லோரும், சாரம் கட்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் பலகைச் சுவருக்குப் பின்னால் இருந்து அவள் குரல் வந்தது.

“மேஸ்திரி அண்ணே, உங்க ஆளுங்க சாரத்து மேல நின்னா என் முத்தம் முழுசும் தெரியுது. கிணத்தடிக்குக்கூட வர முடியல. ஒரு மறைப்பு கட்டிக் குடுங்கண்ணே. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

இதை முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரைக் கேட்டது அவள்.

கட்டினேன். படத்தில் தொட்டிக்குப் போட்ட அதே வட்டம், அதே அகலம். இரண்டு ஆள் உயரம், இரட்டைச் செங்கல் கனம். சிமெண்ட் கிடைத்தது, ஆனாலும் சுண்ணாம்புச் சாந்துதான். கருப்பட்டியும் கடுக்காயும் ஊறவைத்த தண்ணீரில் குழைத்த சாந்து. முதல் சில நாள் வெண்ணெய் மாதிரி இருக்கும், அப்புறம் கல்லாகும். தெற்குப் பக்கம் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டேன். அந்த வழியாக நூர்ஜான் தினமும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தாள்.

நூர்ஜான் எங்கள் ஆட்களுக்குச் சமைத்தவள். தனியாள். ஹபீபா பீவிக்கு அவள்தான் சிநேகிதி. உள்ளே போனால் சீக்கிரம் வரமாட்டாள். சுவருக்குள்ளே இருந்து இரண்டு பேரும் சிரிப்பது கேட்கும்.

“என்ன நூர்ஜான், இத்தா வீட்டுல இவ்வளவு சிரிப்பு?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“அழுது முடிச்சாச்சு லா, மேஸ்திரி. உங்க சுவரைப் பார்த்துத்தான் சிரிக்கிறோம். ஹபீபா சொல்றா, கிணத்துக்குள்ள கிணறு வெட்டிக் குடியிருக்கிறேன்னு.”

பள்ளிவாசல் லெப்பை ஒருவர் இறந்தவருக்காக ஓதிவிட்டு வந்தார். இத்தாவில் இருக்கிற பெண்ணும் அவசரமென்றால் வெளியே போகலாம், உயிருக்கு ஆபத்தென்றால் வீட்டையே விடலாம், மார்க்கத்தில் இடம் உண்டு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அதை நான் ஹபீபா பீவியிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவள் என்னிடம் கேட்டது வேறு. வழியின் பக்கம் வந்து நின்று நூர்ஜானிடம் பேசலாமா என்று கேட்டாள். வேண்டாம், பார்க்கிறவர்கள் நாலு விதமாகப் பேசுவார்கள் என்றேன். “சரிதாண்ணே” என்றாள். அதற்குப் பிறகு அவள் அந்த வழிப் பக்கம்கூட வரவில்லை. வாய் நீளமே தவிர, முறை தெரிந்தவள்.

திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். சீனப் பெருநாள் முடிந்து, நோன்பு பிறப்பதற்கு முன்னால். ஒரு பெரிய துரையின் சம்சாரம் வந்து தொட்டிச் சுவரில் பெயர்க் கல்லைத் திறந்துவைப்பாள் என்று ஏற்பாடு. நான் கடைசியாக ஒரு தடவை பேசிப் பார்த்தேன். சுவருக்கு வெளியே நின்றுகொண்டுதான். முறை மீறவில்லை.

“இத்தா முடிஞ்சதும் எங்கம்மா போகப் போற?”

“எங்க போறது? இங்கதான். அவர் கம்பு இங்கதானே சாஞ்சிருக்கு. நான் தோள்ல தூக்கிட்டு அலைய முடியாது. அதனால வாசல்ல கடை போடப் போறேன். சோறு, மீன் தலைக் கறி. உங்க வீடுகள்ல குடிவர்ற முன்னூறு பேருக்கும் நான்தான் சமைக்கணும், பாருங்க. முதல் நாள் உங்களுக்கு ஓசி.”

“இந்த இடத்துலயா?”

“நட்ட நடு இடம்லா, அண்ணே. எந்தத் தெருவுல இருந்து வந்தாலும் என் கடைக்குத்தான் வரணும். உங்க துவான் எனக்காகவே படம் போட்டிருக்காரு.”

நான் அந்தக் கடையைப் பார்த்தேன், ஐயா. கண்ணால் பார்த்த மாதிரி பார்த்தேன். வாழை இலைகள், மீன் செதில், எச்சில் தண்ணீர், ஈ. வட்டமான புல்வெளியின் நடுவிலிருந்து அந்தத் தண்ணீர் என் சாக்கடைகளில் எட்டுப் பக்கமும் இறங்குவதைப் பார்த்தேன். ஒவ்வொரு தெருவின் கடைசியிலும் ஒரு குழந்தை நிற்பதைப் பார்த்தேன். அதன் பிறகு எனக்குள் குழப்பம் எதுவும் இல்லை.

சீனப் பெருநாளுக்கு முந்திய நாள் சீனத் தச்சர்கள் போய்விட்டார்கள், மற்றக் கூலிகளுக்கும் நான் லீவு விட்டேன். பெருநாள் முடியும்வரை ஒருவரும் திரும்ப மாட்டார்கள். நூர்ஜான் பட்டர்வொர்த்தில் இருக்கிற அக்காள் வீட்டுக்குக் கிளம்பினாள். “ஹபீபாவுக்குச் சாப்பாடு?” என்று தயங்கினாள். நான் அனுப்பிவைக்கிறேன் என்றேன். “மறந்துடாதீங்க லா” என்று சொல்லிவிட்டுப் படகேறப் போனாள்.

மறுநாள் காலையிலேயே கொத்துக் கரணையை எடுத்தேன். மேஸ்திரியான பிறகு பல வருஷமாக என் கையால் செங்கல் வைத்ததில்லை. கை மறக்கவில்லை. இரண்டு வரிசை ஏறியதும் உள்ளே இருந்து கேட்டாள்.

“யாரது? மேஸ்திரி அண்ணனா? இந்த வழியையும் ஏன் அடைக்கிறீங்க?”

“சீனப் பெருநாளும்மா. சிங்க ஆட்டம், கூட்டம், குடிச்சிட்டு வர்ற பயலுக. காலியா இருக்கிற வீடுகளைப் பார்க்கன்னு உள்ள நுழைவாங்க. நீ தனியா இருக்கே. பெருநாள் முடிஞ்சதும் எடுத்துடறேன்.”

“அதுவும் சரிதான்” என்றாள். “நூர்ஜானும் இல்ல. சாப்பாடு எப்படிண்ணே?”

“ஏணி போட்டு மேல இருந்து இறக்கறேன்.”

“பானையில அரிசி கொஞ்சம் கிடக்கு. அவசரமில்ல.”

பாதி ஏறும்போது எனக்குச் சாந்துக்குத் தண்ணீர் போதவில்லை. குழாய் தூரத்தில் இருந்தது. இதைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவள் கிணற்றிலிருந்து இறைத்து, திறந்திருந்த இடத்தின் வழியாக வாளியைத் தள்ளினாள். முகம் தெரியக் கூடாதென்று கையை மட்டும் நீட்டினாள். வளையல் இல்லாத கை. “வெயில்ல நிக்கிறீங்க, குடிக்கவும் எடுத்துக்கோங்க” என்றாள். குடித்தேன். நல்ல தண்ணீர். மிச்சத்தில் சாந்து குழைத்தேன். மதியத் தொழுகைக்குள் முடிந்துவிட்டது. பூசி, தேய்த்து, பழைய சுவரோடு சேர்த்துவிட்டேன். எந்த இடம் வழியாக இருந்தது என்று வெளியிலிருந்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

பிறகு நான் ஏணி போடவில்லை.

தினமும் வந்து பார்த்தேன், பொறுப்பில்லாமல் விட்டுவிடவில்லை. சுவரின் அருகே நிற்பேன். ஊர்ப் பக்கம் பட்டாசு விடாமல் வெடித்துக்கொண்டிருக்கும். காலடிச் சத்தம் கேட்டதும், “மேஸ்திரி அண்ணே, நீங்களா?” என்பாள், மெதுவாகத்தான். அந்நிய ஆணுக்குக் குரல் கேட்கக் கூடாது என்ற கூச்சம் அவளுக்குப் போகவில்லை. “அரிசி தீர்ந்திடுச்சு. நூர்ஜான் வந்துட்டாளா?” என்பாள். நான் பதில் சொல்லவில்லை. இத்தாவில் இருக்கும் பெண்ணோடு அந்நிய ஆண் தேவையில்லாமல் பேசக் கூடாது.

இத்தா முடிந்த பிறகுதான் சத்தம் போட்டாள். அப்போது குரலில் வலு இல்லை. சுவரும் உயரம். காலி வீடுகளில் மோதிவிட்டு என்னிடமே திரும்பி வந்தது.

பெருநாள் முடிந்து நூர்ஜான் திரும்பினாள். கையில் ஒரு பொட்டலம். அக்காள் வீட்டுப் பலகாரம், ஹபீபாவுக்கு. விழாச் சமையலுக்கு வெளி ரோட்டுப் பக்கம் கொட்டகை போட்டிருந்தேன். அங்கேயே அவளை நிறுத்தினேன்.

“அவ போயிட்டா. மைத்துனன் வந்து கப்பலேத்திட்டான். நாகூருக்கு.”

“போயிட்டாளா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமலா?”

“கப்பல் நிக்குமா?”

“வீடு?”

“தொட்டி கட்டியாச்சு.”

“வழியைக் காணோமே” என்றாள், தெருக்கோடியிலிருந்தே சுவரைப் பார்த்து.

“வழி வெச்சுத் தொட்டி கட்டினா தண்ணி நிக்குமா, நூர்ஜான்?”

அவள் பொட்டலத்தைப் பிரித்து எனக்கு ஒன்று கொடுத்தாள், தானும் ஒன்று தின்றாள். பிறகு அழுதாள். அழுது முடித்துத் திட்டினாள். “கல்நெஞ்சுக்காரி. இத்தனை மாசம் சோறு சுமந்தேன்” என்றாள். நான் ஆறுதல் சொன்னேன். எங்களுக்குள் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

முதலாளி கேட்டது இரண்டே கேள்வி. “போயிட்டாங்களா?” “போயிட்டாங்க.” “அச்சு வந்துடுச்சா?” “வந்துடுச்சு.” அவர் கேட்கக் கூடாததைக் கேட்காத மனிதர். முனிசிபல் குழாய் வந்துவிட்ட பிறகு தொட்டிக்குத் தண்ணீர் ஏது என்று யாரும் கேட்கவில்லை. உயரமாக, வட்டமாக, வெள்ளையாக ஒன்று நடுவில் நின்றால் ஜனங்களுக்குப் போதும். லீவு முடிந்து திரும்பிய வெள்ளைக்கார இஞ்சினியர் கயிறு பிடித்து அளந்து பார்த்து என் கையைக் குலுக்கினார். ஒரு அங்குலம் பிசகவில்லை.

திறப்பு விழா அமர்க்களம். பேண்டு வாத்தியம், கொடி, சர்பத். துரைசானி பட்டுத் துணியை இழுத்தாள். பெயர்க் கல் வெளிப்பட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். நூர்ஜான் வெயிலுக்குச் சுவரோரம் நிழலில் சாய்ந்து நின்றாள். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

“மேஸ்திரி, உள்ள என்னமோ தட்டுது.”

நானும் காதை வைத்தேன். தட்டத்தான் செய்தது. மரக்கம்பால் தட்டுகிற மாதிரி, விட்டு விட்டு.

“தண்ணி ஏறுது. புதுக் குழாய் அப்படித்தான் தட்டும்.”

அவள் உள்ளங்கையைச் சுவரில் விரித்து வைத்துக்கொண்டாள். சிறு பிள்ளை மாதிரி சிரித்தாள். “அதிசயமா இருக்கு லா. தண்ணிக்குக் கை முளைச்ச மாதிரி.” அப்புறம் யாரோ கூப்பிட்டார்கள், சர்பத் ஊற்றப் போனாள்.

கிணறு உள்ளே இருந்ததால்தான் அவ்வளவு நாள் பிடித்தது. அதை நான் முன்கூட்டி யோசிக்காதது என் தப்பு.

அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாள் கழித்து நூர்ஜானை நிக்காஹ் செய்துகொண்டேன். மூலை வீடு, வாசலில் நின்றால் நேரே தொட்டி. சுற்றிலும் சிமெண்ட் பெஞ்சு போட்டுவைத்தேன். சாயங்காலமானால் பெண்கள் அங்கே உட்கார்ந்து பேசுவார்கள். நூர்ஜானும் சுவரில் சாய்ந்துதான் உட்காருவாள். பேச்சு எங்கெங்கோ சுற்றி ஹபீபாவில் வந்து நிற்கும். “ஒரு கடுதாசி போட்டாளா பாருங்க” என்பாள். பையன்கள் அந்தச் சுவரில் பந்தடிப்பார்கள். வருஷா வருஷம் நோன்புப் பெருநாளுக்கு முன்னால் நானே ஏறி வெள்ளையடிப்பேன். யாரையும் தொட விட்டதில்லை. உள்ளே எட்டிப் பார்த்ததுமில்லை. தொட்டிக்குள் பார்க்க என்ன இருக்கிறது?

இதைத்தான் நீங்கள் புரிந்துகொள்ள மாட்டேன் என்கிறீர்கள். போன மாதம் கொசு வந்தது. ஜெயலெட்சுமி அம்மாள் வீட்டுப் பிள்ளைக்குக் குளிர் காய்ச்சல். அந்த அம்மாள் என் வாசலுக்கு வந்து, “மேஸ்திரி, கமால் தோட்டத்துல கொசு இல்லைன்னு சொல்லித்தானே வீடு குடுத்தீங்க?” என்று கேட்டபோது எனக்கு அவமானமாகிவிட்டது. அன்றைக்கே கொசு ஒழிப்பு ஆபீசுக்கு நானே நடந்து போனேன். ஆள் வேண்டும், உடனே வேண்டும் என்று சத்தம் போட்டேன். அங்கே குமாஸ்தாவாக இருக்கிற கிராணி அர்ஜுனனை அனுப்பினார்கள். நல்ல பையன். சாக்கடை எல்லாவற்றையும் பார்த்தார். பூந்தொட்டிகளைக் கவிழ்த்தார். எதுவும் இல்லை.

“அந்தத் தொட்டியைப் பார்த்தீங்களா?” என்றார்.

“பார்த்துடுங்க” என்றேன். உண்மையைச் சொல்கிறேன், ஐயா. எனக்கு எதுவும் தோன்றவில்லை. ஏணியைச் சாத்தியவனும் நான்தான். ஆடாமல் பிடித்துக்கொண்டவனும் நான்தான்.

அவர் மேலே போய்ச் சுவர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“மேஸ்திரி, உள்ள தண்ணி இல்ல. வீடு இருக்கு.”

“தொட்டி அது.”

“வீடு லா. கூரை விழுந்து கிடக்கு. பெரிய பெரிய பானை, மழைத் தண்ணி நிக்குது, கொசுப் பூச்சி நெளியுது. கிணறு இருக்கு. கிணத்தோரம்...” என்றவர் கீழே இறங்கிவிட்டார். நான் அவரிடம் முதலில் கேட்டது, பானைகளைக் கவிழ்த்தாரா என்பதுதான். அதைக்கூட என் மேல் ஒரு குற்றமாக அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது.

சுவரை உடைத்ததும் நீங்கள் என்னை உள்ளே கூட்டிப்போய்க் காட்டினீர்கள். வழியாக இருந்த இடத்தில் சாந்து சுரண்டப்பட்டிருந்தது. கண்டார் கம்பின் முனை தேய்ந்து நார் நாராகக் கிடந்தது. இவ்வளவு சுரண்டியவள் முதல் நாளே ஏன் தள்ளவில்லை என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. தொழில் தெரிந்தவன் கேட்கிற கேள்வி. முதல் சில நாளில் அந்தக் கம்பால் ஓங்கி ஒரு இடி இடித்திருந்தால் அத்தனை செங்கலும் வெளியே விழுந்திருக்கும். பச்சைச் சாந்து.

அவள் இடிக்கமாட்டாள். இத்தா முடிய இன்னும் நாள் இருந்தது. அதுவரை அவள் வாசல் தாண்டமாட்டாள். நான் திறப்பேன் என்று நம்பியும் இருந்தாள். அவள் இத்தா என்றைக்கு முடிகிறது என்று நூர்ஜான் சொல்லி எனக்குத் தெரியும். சாந்து என்றைக்கு இறுகும் என்று என் கைக்குத் தெரியும். அவள் வெளியே வரலாம் என்று நினைக்கிற நாளில் சுவர் இறுகியிருக்க வேண்டும், அவள் தளர்ந்திருக்க வேண்டும். கணக்குப் பார்த்துத்தான் அடைத்தேன். சிமெண்ட் போட்டிருந்தால் அடைக்கும்போதே சந்தேகப்பட்டிருப்பாள். சுண்ணாம்பு அவளுக்குப் பழகிய மணம். போதுமா? எழுதிக்கொண்டீர்களா? நான்தான். முதலாளி இல்லை, இஞ்சினியர் இல்லை. அவளுடைய முறையை வைத்தே அவளை அடைத்தேன். அவள் வீட்டில் ஒரு பலகையைக்கூட நான் தொடவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நூர்ஜானைப் பற்றிக் கேட்கிறீர்கள். நேற்று சாயங்காலம் அவளைப் பார்க்க விட்டீர்களே, அதற்கு நன்றி. அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அன்னைக்குத் தட்டுனது அவதானே?”

ஆமாம் என்றேன். இனிமேல் மறைத்து என்ன. அவள் வலது உள்ளங்கையை முந்தானையில் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே இருந்தாள். என்னை ஏதோ வேற்றாளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

அது கொஞ்சம் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஐயா. நான் மட்டுமா கேட்டேன்? அவளும்தானே கேட்டாள். சுவரில் கையை வைத்துக்கொண்டு கேட்டாள், கேட்டுவிட்டுச் சர்பத் ஊற்றப் போனாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தோம். அதற்காக நான் அவளை ஒரு நாளும் குறை சொன்னதில்லை.